தொபியாஸ் ஓடிய தொண்ணூறு அடி

கடல் மூன்று தெருக்களைத் தின்று ஏப்பம் விட்டு, நாலாவது தெருவின் முதல் வீட்டுக் கொல்லையில் வந்து நின்ற வருஷத்தில், அந்த முதல் வீட்டுக்காரியும் தூத்துக்குடிச் சந்தைக்கு மீன்கூடை கொண்டுபோகிறவளுமான கித்தேரி, தினமும் விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்து கடலை ஏச ஆரம்பித்தாள். சிலுவைமுனையில் கடலை ஏசுகிற வழக்கம் கிடையாது. கடலில் ஆள் போனாலும், வலை வெறும் வலையாகவே திரும்பி வந்தாலும், வாயைப் பொத்திக்கொண்டு குருசடிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவதுதான் வழக்கம். தெற்கே துறைமுகக் கம்பெனி கடலுக்குள் ஒரு மைல் நீளத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பியதிலிருந்துதான் இந்தக் கரைக்கு வரவேண்டிய மணல் வராமல் போனது, கடலுக்குப் புத்தி கெட்டது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கம்பெனியை ஏசினால் நோட்டீஸ் வரும், கடல் நோட்டீஸ் அனுப்பாது என்பதால் கித்தேரி கடலை ஏசினாள்.

அவளுக்கு ஒரு தம்பி, தொபியாஸ். எட்டு வயசு இளையவன். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவள் சோறு போட்டு வளர்த்தவன். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, வள்ளத்தில் கால் வைத்ததும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான், ஆகவே கடலுக்கு லாயக்கில்லை என்று ஊர் அவனைக் கழித்துவிட்டிருந்தது. கரைவலை இழுக்கும்போது இந்தப் பக்கத்துக் கயிற்றுக்காரர்களுக்கும் அந்தப் பக்கத்துக் கயிற்றுக்காரர்களுக்கும் நடுவே கால் மைல் இருக்கும் அல்லவா, அங்கே ‘தளர்த்து’, ‘இழு’ என்று சேதி சொல்ல ஓடுவதுதான் அவனுக்குக் கிடைத்த ஒரே வேலை. ஈர மணலில் ஓடி ஓடி அவன் கால் எப்படி ஆகிவிட்டதென்றால், சேதி போய்ச் சேர்ந்தபிறகும் அனுப்பினவன் வாய் மூடியிருக்காது.

சென்னையில் ஒரு அமெரிக்கக் கம்பெனிக்காரர்கள் வேகமாகப் பந்து எறிகிற பையன்களைத் தேடுகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்ததைப் பார்த்து, கூட்டாளி ஒருவனுக்குத் துணையாகத்தான் தொபியாஸ் ரயிலேறினான். கூட்டாளி எறிந்தான், தோற்றான். எறிந்த பந்துகளை எதிர்கொள்ள யாராவது நில்லுங்கள் என்று வெள்ளைக்காரர் ஒரு உருட்டுக் கட்டையை நீட்ட, சும்மா நின்றிருந்த தொபியாஸ் வாங்கிக்கொண்டான். அன்று மாலைவரை நூற்றுப்பத்துப் பந்து வந்தது. நூற்றுப்பத்தையும் தொட்டான். ஒன்றுகூட வேலியைத் தாண்டவில்லை, ஒன்றையும் தவறவிடவுமில்லை. அதோடு யாரும் சொல்லாமலே ஒவ்வொரு பந்தையும் அடித்துவிட்டு, ஏதோ சேதி சொல்லப் போகிறவன்போல ஓடவும் செய்தான். வெள்ளைக்காரர்கள் பந்து எறிகிறவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

“என்ன விளையாட்டுலே அது?” என்று கித்தேரி போனில் கேட்டாள்.

“கிரிக்கெட்டு மாதிரிதாங்க்கா. நாலு மூலையில நாலு மெத்தை கிடக்கும். கட்டையால அடிச்சிட்டு, பந்து வந்து சேரதுக்குள்ள முதல் மெத்தைக்குப் போயிரணும். ஒரு மெத்தைக்கும் அடுத்த மெத்தைக்கும் தொண்ணூறு அடி. எதிராளி அடிக்கும்போது நான் ரெண்டாவது மெத்தைகிட்ட காவல் நிக்கணும்.”

“அம்புட்டுத்தானா? அதுக்கா அம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போனானுவ?”

“அம்புட்டுத்தாங்க்கா.”

ஆக சிலுவைமுனையில் அவனுக்கு ரெண்டாம் மெத்தைக்காரன் என்று பெயர் விழுந்தது. கேலிக்குத்தான் அப்படி வைத்தார்கள்.

அடுத்த ஏப்ரல் மாசம் ஒருநாள் விடிந்ததும் கித்தேரி கொல்லைக் கதவைத் திறந்து, ஏச வாயெடுத்து, மூடிக்கொண்டாள். நேற்றுவரை அலை புரண்ட இடத்தில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. ஆறடி அகலம், நீளம் கடலுக்குள் நேராகப் போய் ஓரிடத்தில் வெட்டினாற்போல் நின்றது. தேரிக்காட்டு மணலின் சிவப்பு இல்லை, செங்கல்லைப் பொடித்துச் சலித்த சிவப்பு. ஒரு ஓரமாகச் சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தது. கோடு வரைக்கும் வந்த அலை அதற்கு மேல் ஏறாமல் திரும்பிப் போனது. மண்ணில் ஆணிச் செருப்புத் தடம் ஒன்று விட்டு ஒன்றாக, ஓடுகிறவன் தடமாக, கடைசிவரை பதிந்திருந்தது. கித்தேரி ஒரு காலை வைத்துப் பார்த்தாள், பிறகு மறுகாலை. கெட்டி மண். உள்ளே போய் நெத்திலிக் கூடையை எடுத்து வந்து அதன்மேல் காயப்போட்டாள்.

பத்து மணிக்கு தொபியாஸ் போன் செய்தான். “எக்கா, இன்னைக்குத்தான் முதல் ஆட்டம். ஒண்ணு அடிச்சேன். முதல் மெத்தைக்குப் போய்ச் சேந்துட்டேன்.”

“அது இங்க வந்து சேந்துட்டுலே.”

“என்ன நிறம்?”

“செவப்பு. சுண்ணாம்புக்கோடு கிழிச்சிருக்கு.”

“அப்ப அதுதாங்க்கா. ஆட்டம் முடிஞ்சதுலருந்து இங்க மண்ணு பரப்புறவன், முதல் மெத்தைக்குப் போற வழியில மண்ணு குறையுது குறையுதுன்னு கத்திட்டு இருக்கான். சாப்பிட்டியா?”

“இன்னும் இல்ல. நெத்திலி காயுது,” என்றாள் கித்தேரி.

ஒன்று வந்தபோது ஊர் வேடிக்கை பார்த்தது. ஒரு வாரத்தில் ஒன்பது வந்து, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு பாய் விரித்தாற்போல் கிடந்ததும் ஊர்க் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் லெம்பர்ட், மைக் இல்லாமலே மூன்று ஊருக்குப் பேசக்கூடியவர், எடுத்த எடுப்பில் இந்த நிலம் கோயிலுக்குச் சேரவேண்டும் என்றார். கரையில் வந்து ஒதுங்குவது எதுவானாலும் ஊர்ப்பொது என்றார் இன்னொருவர், திமிங்கிலம் ஒதுங்கினபோது என்ன செய்தோம் என்று கேட்டார். தம்பி ஓடியதால் வந்தது, அக்கா வீட்டுக்குப் பின்னால் வந்தது, அவளுக்குத்தான் என்றது ஒரு குரல். சிவப்பு மண் வந்த தேசத்தில் பாதிப்பேர் வேறு சபைக்காரர்கள் ஆயிற்றே, இதில் மாதா தேர் போகலாமா என்று ஒருவர் பங்குச் சாமியாரிடம் சந்தேகம் கேட்டார். சாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாளி தீர்த்தம் தெளித்தார்.

கடைசியில், கரைவலைக்கு யார் முதலில் வலை வளைப்பது என்று முறை போடுகிற சீட்டுக்கூடையைக் கொண்டுவரச் சொன்னார் லெம்பர்ட். கூடை வந்தது. கித்தேரி எழுந்து அதைக் கவிழ்த்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“லெம்பர்ட்டண்ணே, கடல் வீட்டை எடுக்கும்போது சீட்டுப் போட்டா எடுத்துச்சு? வரிசையா எடுத்துச்சு. அந்த வரிசையிலயே குடுங்க. முதல்ல போனது விக்டோரியா மைனி வீடு. பதினேழு வருசமா பள்ளிக்கூடத்து மூலையில கிடக்காவ. அவியளுக்கு முதல்ல.”

“ஆறடி அகலத்துல என்னத்த வீடு கட்டுறது?”

“மூணு துண்டு சேந்தா ஒரு வீடு. தம்பி ஓடுவான்.”

அப்படித்தான் சிலுவைமுனையில் மூன்று ஓட்டம் ஒரு வீடு என்று கணக்கானது, வேறெந்த ஊரிலும் கேட்டிருக்க முடியாத கணக்கு. விக்டோரியா மைனி பதினெட்டடி அகலத்தில் ஓலை வேய்ந்து குடியேறினாள். அடுத்தது, அதற்கடுத்தது என்று வீடுகள் போன வரிசையிலேயே திரும்பி வந்தன, புது மண்ணில் வேலியோரம் முருங்கை நட்டார்கள், சிவப்பு மண்ணிலிருந்து அமெரிக்க ஆட்டக்காரர்கள் துப்பிய சூரியகாந்தி விதைத் தோலைக் கோழிகள் கொத்தித் தின்றன. டிவியில் அந்த ஆட்டத்தைக் காட்டுகிற சேனல் ஒன்றும் இங்கே கிடையாது, அதனால் ஊர் ஆட்டத்தைக் கரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. அங்கே பொழுது சாய்ந்து ஆடுவது இங்கே விடியற்காலையாக இருந்தது வசதியாகப் போயிற்று. எழுந்ததும் பல்லில் குச்சியை வைத்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் கரைக்கு வந்து எண்ணுவார்கள். ஒன்றோடொன்று முனை தொட்டு இரண்டு துண்டு நீளமாகக் கிடந்தால் பயல் ரெண்டாவது மெத்தை வரைக்கும் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொள்வார்கள்.

சட்டதிட்டமும் அப்படித்தான் விளங்கியது. பந்து எறிகிறவன் நாலு பந்தைத் தப்பாக எறிந்தால், மட்டைக்காரன் அடிக்காமலே முதல் மெத்தைக்கு நடந்து போகலாமாம். அந்த நாளில் கரையில் ஒரு பிடி மண் வராது. நடந்தவனுக்கு நிலமில்லை. ஆனால் பந்தை அடித்துவிட்டு உயிரைக் கொடுத்து ஓடி, ஒரு நூலிழையில் அவுட் ஆகியிருந்தாலும் அங்கே அவுட், இங்கே தொண்ணூறு அடி. இது தெரிந்த அன்றைக்கு ஊரில் பெரிய சந்தோஷம். அவுட் கொடுக்கிறவனுக்குக் கண் தெரியாவிட்டால் என்ன, மண்ணுக்குத் தெரிகிறதே என்று பேசிக்கொண்டார்கள்.

நாலு வருஷம் சின்ன லீக்கில் பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து ஆடிய தொபியாஸைப் பெரிய லீக்கில் மார்லோ ஹெரன்ஸ் என்கிற குழு எடுத்துக்கொண்டது. ஹெரன் என்றால் நாரையாம், ஆகவே ஊரில் அது நாரை டீம். நாரை டீமில் அவன் வருஷத்துக்கு இருநூறு தடவை அடித்து மெத்தை சேர்ந்தான், பந்தைத் தொடாமல் அவுட் ஆன நாட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், எறிகிறவன் கண் அசந்தால் அடுத்த மெத்தைக்குப் பாய்ந்துவிடுவான். ஆனால் கடலும் சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் அவனுக்கு ஆட்டம் முடியும், அக்டோபரில் இங்கே வாடைக்காற்று பிறக்கும்; அவன் ஓடாத மாசங்கள் பார்த்துக் கடல் வந்து கொடுத்ததில் முக்கால் பங்கைக் கொண்டுபோகும். நவம்பரில் ஊருக்கு வந்து மணல்மூட்டை அடுக்குகிற தொபியாஸ், தான் ஓடிய ஓட்டமெல்லாம் கரைவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஏப்ரலில் திரும்பப் போய் ஓடுவான். பத்து வீடு வந்தால் அதில் ஏழு போகும். மிஞ்சிய மூன்றுதான் லாபம்.

அந்த மூன்று போதாது என்று நினைத்ததுதான் லெம்பர்ட் செய்த பிழை. பந்தை ஒரேயடியாகச் சுவருக்கு வெளியே அடித்துவிட்டால், கிரிக்கெட்டில் சிக்சர் மாதிரி, நாலு மெத்தையையும் ஒருசேரச் சுற்றி வரலாம் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். நாலு தொண்ணூறு முந்நூற்றறுபது. அவர் ஒன்பது நாள் நவநாள் வைத்தார். ஒன்பதாம் நாள், கித்தேரி சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கமிட்டி மொத்தமும் கூடி நின்று தொபியாஸுக்குப் போன் போட்டது. பெரியவர்கள் கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் அவன்.

இரண்டு நாள் கழித்து முந்நூற்றறுபது அடி வந்தது. ஆறடி அகலமில்லை, அறுபதடி அகலம். ஊர் வெடி போட்டது, வாடைக்காற்றுக்கு முன்னால் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒன்பது வள்ளங்களை அதன்மேல் இழுத்து ஏற்றியது. கித்தேரி குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். தடம் எழும்பாமல் அப்படியே கிடந்தது.

“மண்ணு சோம்பேறியா கிடக்குண்ணே. வள்ளத்தை இறக்குங்க,” என்றாள்.

“ஒனக்குப் பொறாமை புள்ள. ஒன் வீட்டுக்குப் பின்னால வரலைன்னு,” என்றார் லெம்பர்ட்.

மூன்றாம் நாள் பௌர்ணமி வெள்ளம் ஏறியபோது அந்த நிலம் பெருமூச்சு விடுவதுபோல் ஒரு தரம் அமிழ்ந்தது. ஒன்பது வள்ளமும் போயின. லெம்பர்ட்டின் வள்ளமும் அதில் ஒன்று. அவர் கரையில் உட்கார்ந்து மைக் இல்லாமல் அழுதார்.

“பந்து சுவரைத் தாண்டிட்டுன்னா ஓடக்கூடாதுக்கா,” என்று தொபியாஸ் போனில் சொன்னான். “கையை ஆட்டிக்கிட்டு மெதுவா ஒரு சுத்து வரணும். அதுதான் இங்க மரியாதை. வேகமா ஓடினா சிரிப்பானுவ.”

“நீ உலாத்திக்கிட்டு வந்த மண்ணு எப்படிலே நிக்கும்? இனிமே எவன் கேட்டாலும் சரி, அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் அடிக்காத.”

“மாட்டேன்.”

அந்த ஒரு சொல்லுக்காக அவன் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. அந்த ஒரு அடியைப் பார்த்துவிட்ட நாரை டீம் மேனேஜர் டூலி, இவ்வளவு பலத்தையும் உடம்பில் வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் தட்டிக்கொண்டிருந்தாய் என்று பிடித்துக்கொண்டார். ஜனங்கள் டிக்கெட் வாங்குவது பந்து சுவரைத் தாண்டுவதைப் பார்க்கத்தான் என்றார். தொபியாஸ் மாட்டேன் என்றான். உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தான். அந்த மாசம் முழுக்கக் கரையில் ஒன்றும் வரவில்லை, கித்தேரி வீட்டுக் கொல்லைச் சுவர் விழுந்தது. ஒரு தரம் ஒத்துக்கொள்ளேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கூட ஆடுகிறவர்களே சொன்னபோது, ‘அடிக்கத் தெரியாமல் இல்லை, அடிக்க மாட்டேன், எனக்கு ஓட வேண்டும்’ என்றானாம். அங்கத்துப் பேப்பர்கள் அவனைக் கழுதை என்று எழுதின. நாரை டீம் அவனை இன்னொரு டீமுக்குத் தள்ளியது, அது வேறொன்றுக்குத் தள்ளியது. எங்கே போனாலும் அந்த ஊர் மண் இங்கே வந்தது. ஒரு வருஷம் காப்பித்தூள் நிறம், ஒரு வருஷம் மஞ்சள். கரை பல நிறத்தில் பட்டை பட்டையாகக் கிடந்ததைப் பார்த்தால் அவன் எத்தனை இடத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டான் என்று தெரியும்.

அவன் முட்டி போனதைக் கித்தேரி அவன் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. அவனுடைய முப்பத்து நாலாவது வயசில் ஒருநாள் வந்த மண்ணில் குனிந்து பார்த்தாள். இடது கால் ஆணி ஆழமாகவும் வலது கால் ஆணி மேலாகவும் பதிந்திருந்தது. அடுத்த நாளும் அப்படி. பத்து நாள் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

“வலது கால்ல என்னலே?”

“ஒண்ணுமில்ல.”

“எங்கிட்டயா? மண்ணுல எழுதியிருக்குலே.”

அவன் சிரித்தான், பிறகு ஒத்துக்கொண்டான். இரண்டு தடவை அறுத்துத் தைத்தாகிவிட்டதாம். எத்தனை வீடு, எத்தனை வருஷம், தான் ‘தம்பி ஓடுவான்’ என்று கூடையைக் கவிழ்த்த நாளிலிருந்து ஒரு நாளாவது அவனைக் கேட்டுவிட்டுச் சொன்னோமா என்று நினைத்தபோது கித்தேரிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. “வீடும் வேண்டாம், நிலமும் வேண்டாம், நீ வந்துரு ராசா,” என்றாள். அவளுக்கு ராசா என்று சொல்லிப் பழக்கமில்லை.

“நீ ஓடச் சொன்னேன்னா நான் ஓடுதேன்? எனக்கு ஓடப் பிடிக்கும்க்கா. நீ உன் சோலியைப் பாரு,” என்று சொல்லி வைத்துவிட்டான். அதன்பிறகும் இரண்டு வருஷம் ஓடினான், வலது கால் தடம் மேலாகிக்கொண்டே வந்தது.

அந்த இரண்டாவது வருஷம்தான் துறைமுகக் கம்பெனிக்கு இரண்டாவது கப்பல்துறை வேண்டியிருந்தது. அதற்குச் சரியான இடம் சிலுவைமுனை என்று யாரோ வரைபடத்தில் விரல் வைத்தார்கள். சர்வேயர் வந்தார். ஒவ்வொரு துண்டையும் மூன்று தடவை சங்கிலி போட்டு அளந்தார், மூன்று தடவையும் தொண்ணூறு அடி வந்ததும் வேர்த்துப்போய் உட்கார்ந்து இளநீர் குடித்தார். பிறகு தாசில்தார் சுகுணா வந்தார். நல்ல மனுஷிதான், காகிதம்தான் பொல்லாதது. இந்த நிலத்துக்கு சர்வே நம்பர் கிடையாது, வரைபடத்தில் இது கடல், கடலில் யாரும் குடியிருக்க முடியாது, எனவே இருபது கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கட்டியிருக்கும் மூன்றுமாடிக் குடியிருப்புக்கு எல்லோரும் போய்விட வேண்டும் என்று படித்துக் காட்டினார்.

விக்டோரியா மைனி தகரப் பெட்டியைத் திறந்து பழைய பட்டாவை நீட்டினாள். அதில் நம்பர் இருந்தது, அளவு இருந்தது, அந்த இடம் இப்போது ஐந்து ஆள் ஆழத்தில் இருந்தது.

“கடலுக்குள்ள கிடக்குற எடத்துக்குப் பட்டா வச்சிருக்கோம்,” என்றாள் கித்தேரி. “காலுக்குக் கீழ கிடக்குற எடத்துக்கு இல்லைங்கிய. எங்களை எங்க இருக்கச் சொல்லுதிய தாயி, சொல்லுங்க.”

தாசில்தார் காகிதத்தை மடித்தார். “செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி காலையில வண்டி வரும்மா. நீங்களா ஏறிட்டா எனக்கு நிம்மதி.”

செப்டம்பர் இருபத்தெட்டு. அங்கே அது இருபத்தேழாம் தேதி சாயங்காலம், அந்த வருஷத்து ஆட்டங்களில் கடைசி ஆட்டம், தொபியாஸுக்கு அதோடு எல்லா ஆட்டமும் முடிகிறது என்று அவனுடைய டீம் அறிவித்திருந்தது.

அன்று காலை எட்டு மணிக்கு முன்னாலேயே நாலு லாரி, இரண்டு புல்டோசர், ஒரு பஸ் நிறையப் போலீஸ் வந்து குருசடிக்குப் பக்கத்தில் நின்றன. ஊர் மொத்தமும் கரையில், பட்டை பட்டையான அந்த மண்ணின்மேல் உட்கார்ந்திருந்தது. வீட்டுச் சாமானை ஒருவர்கூட வெளியே எடுத்து வைக்கவில்லை. லெம்பர்ட் எல்லோருக்கும் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், வள்ளம் போன நாளிலிருந்து அவர் உரக்கப் பேசுவதில்லை. தாசில்தாரின் டிரைவர் மட்டும் ஜீப்பில் சாய்ந்துகொண்டு தன் செல்போனில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர்க் கதை கேட்டுக் கேட்டு அவருக்கே அதில் ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது.

“எட்டு ரன் பின்னால இருக்காங்கம்மா,” என்றார் அவர் கித்தேரியிடம், தாசில்தார் காதில் விழாதபடி. “கடைசி ஆள்தான் பாக்கி. அடடா, உங்க தம்பியை இறக்குறாங்க. சும்மா மரியாதைக்குத்தான். எல்லாரும் எழுந்து கைதட்டுறாங்க. நொண்டிக்கிட்டு வர்றாரு பாருங்க.”

கித்தேரி பார்க்கவில்லை. அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நொண்டிக்கொண்டு வருகிறான் என்ற சொல் அவளைக் குத்தியது. சேசுவே, அவனை நடந்துபோக விடு, பந்து எறிகிறவன் நாலு பந்தையும் தப்பாக எறியட்டும், அவன் கையை ஆட்டிக்கொண்டு நடந்து போகட்டும், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று வேண்டினாள். மனசார வேண்டினாள்.

“அடிச்சிட்டாரு,” என்றார் டிரைவர். “ஐயோ, தரையோட உருண்டு எதிராளி ரெண்டாவது மெத்தைக்காரன் கையிலயே போகுது. அவன் எடுத்துட்டான். எறிஞ்சிட்டான்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “பத்தடி இருக்கும்போதே அவுட்டும்மா. முடிஞ்சுது.”

கரையில் ஒரு துண்டு வந்தது. தொண்ணூறு அடி, கடலுக்குள் நேராக, சாம்பல் கலந்த சிவப்பு. அதைத் தாசில்தாரும் பார்த்தார், போலீஸ்காரர்களும் பார்த்தார்கள். அவ்வளவுதான், கடைசித் துண்டு, ஒரு வீட்டுக்குக்கூடப் பற்றாது. “ஏறிடுங்கம்மா,” என்றார் தாசில்தார். புல்டோசரை முடுக்குகிற சத்தம் கேட்டது.

“மேடம்,” என்றார் டிரைவர். “அவரு நிக்கலை.”

“யாரு?”

“முதல் மெத்தையைத் தாண்டிப் போய்ட்டே இருக்காரு மேடம். ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் கைகுடுத்துக்கிட்டு இருக்காங்க. இவரு கோட்டோட கோடா ஓடிக்கிட்டே இருக்காரு. அம்பயர் கூப்பிடுறாரு, திரும்பிக்கூடப் பாக்கலை. சுவர்கிட்டப் போய்ட்டாரு. சுவர்ல ஒரு கேட்டு இருக்கு. அதைத் தள்ளித் திறந்துட்டாரு. அய்யோ, கேமராவுல காணோம்.”

கரையில் அந்தத் துண்டின் முனை அசைந்தது. இன்னொரு தொண்ணூறு அடி. அது அடங்குவதற்குள் இன்னொன்று. சிவப்பு முடிந்து புல்தரை வந்தது, புல் முடிந்து தார்ரோடு வந்தது, மஞ்சள்கோடு போட்ட தார்ரோடு அலையைப் பிளந்துகொண்டு கடலுக்குள் போனது, போய்த் தெற்கே திரும்பியது. தெற்கே கம்பெனியின் கருங்கல் சுவர் இருந்தது. துறைமுகத்தின் வாய்க்குள் மண் தோண்டுகிற கப்பல் ஒன்று நின்றிருந்தது, அது ஊதல் ஊதத் தொடங்கியது. லெம்பர்ட் எழுந்து நின்று, பல வருஷத்துக்குப் பிறகு மூன்று ஊருக்குக் கேட்கும்படி, “வருது! வருது!” என்று கத்தினார்.

தாசில்தார் சுகுணா கையில் காகிதத்தோடு நின்றார். “அவருதான் அவுட் ஆயிட்டாரே,” என்றார், கோபமாக அல்ல, நிஜமாகவே விளங்காமல். “அப்புறம் எதுக்கு ஓடுறாரு?”

“அவுட்டுன்னு சொன்னது அவனுவ,” என்றாள் கித்தேரி. “இவன் ஒத்துக்கிடலையே.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் அந்தத் தார்ரோட்டில் இறங்கினாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். நாற்பத்து நாலு வயசு, மீன்கூடை சுமந்து தேய்ந்த இடுப்பு, அவள் வாழ்நாளில் எதற்கும் ஓடியதில்லை. வேண்டாம் போதும் என்று இரண்டு வருஷமாக அவனிடம் கெஞ்சிய வாய், “ஓடுலே! ஓடு! நிக்காத!” என்று கத்தியது. அவளுக்குப் பின்னால் விக்டோரியா மைனி, அவளுக்குப் பின்னால் லெம்பர்ட், அவருக்குப் பின்னால் நாலு தெரு ஜனமும். கால் வைக்க வைக்க எதிரே நிலம் வந்துகொண்டிருந்தது, ஒரு தடவைகூட அவர்களைத் தண்ணீரில் நிற்க விடவில்லை.

நிலம் துறைமுகத்தின் வாயை ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் அடைத்துவிட்டு, கருங்கல் சுவரில் போய் முட்டியது. கித்தேரியும் மூச்சு வாங்க வந்து முட்டி, அந்தக் கல்லில் கையை ஊன்றி நின்றாள். மேலே தொப்பி வைத்த காவல்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தான். மண் தோண்டுகிற கப்பல் அவனுக்குப் பின்னால் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்றது. கித்தேரியின் உள்ளங்கைக்குக் கீழே கருங்கல் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

“ஏம்மா, இது கம்பெனி இடம்!” என்று அவன் கத்தினான். “இங்கே வரக்கூடாது, திரும்பிப் போ!”

கித்தேரி அண்ணாந்து பார்த்தாள்.

“நீ தள்ளி நில்லுலே,” என்றாள். “என் தம்பி வாரான்.”